“சர்ச்சுக்குப் போறவர்னு நம்பித்தானே வேலையைக் கொடுத்தேன்?” கஸ்டமரின் கோபமும் விசுவாசியின் தொழிலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூர் பக்கம் இருபத்திரண்டு வருடமாகச் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். மொட்டைமாடி நீர்க்கசிவு, பழைய வீடு ரிப்பேர், வருடத்துக்கு ஒன்றிரண்டு புது வீடு. எங்கள் சபையில் சொந்தத் தொழில் செய்கிறவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடுவோம். எலக்ட்ரீஷியன், தையல் கடைக்காரர், ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுபவர், கல்யாண போட்டோகிராபர் என்று பதினைந்து பேர் தேறுவோம். ஜெபம் முடிந்து டீ வந்ததும் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் கோபத்தில் இருக்கிற கஸ்டமரிடம்தான் வந்து நிற்கும். அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லா உதாரணத்திலும் சிமெண்ட் வாசனை அடிக்கும். எனக்குத் தெரிந்த தொழில் அதுதான்.

கஸ்டமர் போனில் கத்துகிறார். முதலில் என்ன செய்வது?

நேரில் போவது. போனில் ஈரம் தெரியாது.

ஒரு நவம்பர் மாதம், காலை ஏழு மணிகூட ஆகவில்லை. நான்கு மாதத்துக்கு முன்னால் மொட்டைமாடிக்கு நீர்க்காப்புப் பூச்சு போட்டுக் கொடுத்த வீடு. ஓய்வுபெற்ற டீச்சரம்மா. எடுத்த எடுப்பில் அவர் சொன்னதைத்தான் தலைப்பில் போட்டிருக்கிறேன். ‘ராத்திரி பெய்த மழைக்கு நான் என்ன செய்ய’ என்று நாக்கு நுனி வரை வந்தது. “எட்டு மணிக்குள்ள வந்துடறேன்மா” என்று மட்டும் சொன்னேன்.

போனால், படுக்கையறைக் கூரையில் முறம் அளவுக்கு ஈரம். கட்டில் மேல் பழைய சேலையை விரித்து அதன்மேல் அன்னக்கூடையை வைத்திருந்தார். நான் எப்போதும் செய்வதுபோல் ஈரத்தின் ஓரத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டுத் தேதியும் மணியும் எழுதினேன். இது முக்கியம். அடுத்த நாள் ஈரம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா இல்லையா என்பதில் அவருக்கும் எனக்கும் வாக்குவாதமே வராது.

இதுவரை சரியாகத்தான் செய்தேன். மாடிக்குப் போனதும் சறுக்கினேன். எங்கள் பூச்சுக்கு மேலே யாரோ டிஷ் ஆன்டெனா ஸ்டாண்டை நான்கு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். பார்த்ததும் மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம்! கீழே வந்து, “டிஷ் மாட்டினவன் தளத்தை ஓட்டை போட்டுட்டான்மா, தண்ணி அதுலதான் இறங்குது” என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

மழை விட்ட பிறகு மாடியின் குறுக்கே கலவையில் சின்ன வரப்பு கட்டி, போல்ட் இருந்த பாதியில் தண்ணீரைத் தேக்கினேன். 48 மணி நேரம் நின்றது. கீழே சாக்பீஸ் கோட்டை ஈரம் தாண்டவே இல்லை. அடுத்து, மழைநீர்க் குழாய் வாய் இருக்கிற பாதியை அடைத்துத் தண்ணீர் கட்டினேன். மறுநாள் காலையிலேயே கோட்டுக்கு வெளியே நான்கு விரற்கடை ஈரம். குழாய் வாயைச் சுற்றி எங்கள் ஆள் பூச்சை உள்வரை இழுத்துவிடாமல் அப்படியே முடித்திருந்தான்.

போய்ச் சொன்னேன்: “அன்னைக்கு நான் சொன்னது தப்புமா. போல்ட் காரணம் இல்ல. எங்க வேலைதான்.”

அவர் கேட்டார்: “அப்போ அந்த டிஷ்காரப் பையனைப் போன் போட்டுத் திட்டினேனே, அதுக்கு என்ன பண்றது?”

அவன் நம்பரை வாங்கி நானே பேசினேன். பூச்சை ஒரு நாளில் சரிசெய்துவிட்டோம். அந்த போன்தான் கஷ்டமாக இருந்தது.

மன்னிப்புக் கேட்டால் மொத்தப் பழியையும் ஏற்றுக்கொண்டதாகிவிடாதா?

இரண்டு வேறு வாக்கியங்களை நாம் ஒன்றாகக் குழப்புகிறோம். “ராத்திரி முழுக்கத் தூங்காம கஷ்டப்பட்டிருக்கீங்க, ரொம்ப வருத்தமா இருக்கு” என்பதைப் போய் நின்ற நிமிடமே சொல்லலாம். அது யாருடைய தப்பாக இருந்தாலும் உண்மை. “தப்பு என்னுது” என்பதைப் பார்த்த பிறகுதான் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு முன்னால் சொன்னால் அது தாழ்மையும் ஆகாது, சீக்கிரம் வீட்டுக்குப் போகிற வழிதான். “உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்” என்பது இரண்டு பக்கமும் வெட்டுகிற வசனம்.

சகேயுவைப் பாருங்கள். வரி வசூலித்துக் கொழுத்த ஆள். இயேசு வீட்டுக்கு வந்ததும் உணர்ச்சிவசப்பட்டு ‘நான் பாவி, பாவி’ என்று மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. எதையாகிலும் அநியாயமாய் வாங்கினதுண்டானால் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று கணக்கோடு பேசுகிறான். எது அநியாயம் என்று பார்க்க அவன் பழைய பேரேட்டைப் புரட்டித்தான் ஆக வேண்டும். கஸ்டமருக்கும் நம்மிடமிருந்து வேண்டியது அந்தப் பேரேடுதான்: எது தவறியது, அதில் என் பங்கு என்ன, எந்தத் தேதிக்குள் சரிசெய்வேன், யார் செலவு. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

தப்பு நிஜமாகவே நம்முடையது இல்லை. ஆனாலும் விசுவாசி என்பதால் வாயை மூடிக்கொண்டு செய்துகொடுக்க வேண்டுமா?

வேண்டாம். மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரைப் பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் அறைந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் தகாததை ஒப்புவி, தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18இல் இருக்கிறது. குரலை உயர்த்தாமல் ஆதாரம் கேட்பதும் சாட்சிதான்.

ஆனால் கேட்கிற உரிமை நமக்கு இருக்க வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்று பட்டுப் பட்டு உள்கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலிருக்கிற கான்கிரீட்டை உதிர்த்துவிடும். அப்படி உதிர்ந்த சன்ஷேடை ஒட்டுப்போட்டுக் கொடுக்கும்போதே, ‘உள்ளே மீதிக் கம்பியும் துருதான், பக்கத்தில் மறுபடி விடும்’ என்று எழுதிக் கொடுத்தால் அது விளக்கம். மூன்று வருடம் கழித்து அவர் திட்டும்போது சொன்னால் அது சாக்கு. விஷயம் என்னவோ ஒன்றுதான்.

முகூர்த்தத் தேதிக்கு முடித்துத் தரவில்லை என்று சண்டை. என்ன செய்ய?

சென்னையில் வீட்டு வேலை எடுக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது. ஆடியில் யாரும் கிரகப்பிரவேசம் வைப்பதில்லை, மார்கழியிலும் இல்லை. அதனால் ஆவணிக்கும் தைக்கும் எல்லோரும் ஒன்றாக நெருக்குவார்கள். பத்திரிகை அடித்தாயிற்று, ஐயருக்குச் சொல்லியாயிற்று. ‘நமக்கு அந்த நம்பிக்கை இல்லை’ என்று அந்தத் தேதியை அலட்சியமாக எடுக்கிற சகோதரர்களைப் பார்த்திருக்கிறேன். அது தப்பு. நமக்கு கிறிஸ்துமஸ் எப்படியோ அவர்களுக்கு அந்த நாள் அப்படி.

இன்னொரு பக்கம், தேதிக்கு பயந்து க்யூரிங்கை, அதாவது கான்கிரீட் இறுகத் தண்ணீர் விட்டு ஈரமாக வைத்திருக்கிற நாட்களை, குறைக்கிறோம். இப்போது பெரும்பாலும் நாம் வாங்குவது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட். கலப்பு சிமெண்ட் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 10 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி. ஐந்தாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திப் பூச்சுக்குப் போனால் தேதி நிற்கும், தளம் நிற்காது. பாயசம் சாப்பிட்டுப் போகும்போது ஓனர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். அடுத்த ஐப்பசியில் அதே ஓனர்தான் காலையில் போன் செய்வார்.

இதில் நம் ஆட்களுக்கே உரிய ஒரு நோய் உண்டு. “எப்ப முடியும்?” என்று கேட்டால், “ஆண்டவருக்குச் சித்தமானால் பதினஞ்சாம் தேதி” என்போம். யாக்கோபு அந்த வார்த்தையை நாளைய தினம் நம் கையில் இல்லை என்பதற்குச் சொன்னார். நாம் கொத்தனார் கையில் இல்லை என்பதற்குச் சொல்கிறோம். பதினைந்தாம் தேதி முடியாது என்று மனசுக்குத் தெரிந்தால், ‘இருபத்தெட்டு ஆகும், ஹாலும் பூஜை அறையும் மட்டும் தயாராக இருக்கும், மாடி வேலை பாக்கி நிற்கும்’ என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு ஒரு மணி நேரம் கத்துவார். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் கத்தட்டும்.

ஞாயிறு ஆராதனை நேரத்தில் போன் வந்தால்?

பெயின்ட் ஷேடு சரியில்லை என்பதற்கு என்றால் மதியம் கூப்பிடலாம். குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் என்றால் எழுந்து போங்கள். ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்றுதான் படித்திருக்கிறோம்.

கஸ்டமர் கொடுத்த அட்வான்ஸை வேறு அவசரத்துக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது வேலை நிற்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே கொடுத்தேன்?

சென்னைக்காரர்களான நமக்கு இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சாந்தோமிலும் சின்னமலையிலும் பரங்கிமலையிலும் நாம் நினைவுகூர்கிற இயேசுவின் சீடர் அதே தோமாவின் கதை. வேதத்தில் இல்லை, 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீரிய மொழி நூல் ஒன்றில் வருகிறது. வடமேற்கு இந்தியாவை ஆண்ட கோண்டோபாரஸ் என்ற அரசன் அரண்மனை கட்டச் சொல்லித் தோமாவிடம் பணம் கொடுக்கிறான். தோமா அதை ஏழைகளுக்குப் பங்கிட்டுவிடுகிறார். அரசன் வந்து ‘எங்கே அரண்மனை?’ என்றால், ‘கட்டியாயிற்று, இப்போது உமக்குத் தெரியாது, இந்த வாழ்க்கையை விட்டுப் போனபின் பார்ப்பீர்’ என்கிறார். அரசன் சிறையில் போட்டான். பிறகு அரசனின் தம்பி இறந்து, பரலோகத்தில் அந்த அரண்மனையைக் கண்டு, உயிரோடு திரும்பிவந்து சொன்னதால் தோமா தப்பினார். இந்தக் கதையால்தான் படங்களில் அவர் கையில் மூலைமட்டம் இருக்கும். கட்டடக் கலைஞர்களுக்கு அவர் பாதுகாவலர் என்பார்கள் கத்தோலிக்கச் சகோதரர்கள்.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஒப்பந்தக்காரனாகப் படிக்கும்போது நான் அரசன் பக்கம். நம் கஸ்டமருக்கு, இறந்து எழுந்து வந்து சாட்சி சொல்லத் தம்பி யாரும் இல்லை. ஈ.எம்.ஐ. இருக்கிறது.

எங்கள் தொழிலில் இதை ‘ரொட்டேஷன்’ என்போம். கொளத்தூர் சைட் அட்வான்ஸில் வில்லிவாக்கம் சைட்டுக்குக் கம்பி வாங்குவது. சித்தாள் ஒருத்தியின் ஆபரேஷனுக்கு முப்பதாயிரம் கொடுத்தேன் என்று ஒரு தம்பி கண் கலங்கச் சொன்னார். கொடுத்ததில் தப்பில்லை. ஆனால் அது அவர் பணம் இல்லை. சொந்த வண்டியை அடகு வைத்துக் கொடுத்திருந்தால் தர்மம். ஓனரிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லி, எந்த வாரத்தில் எவ்வளவு திரும்ப அந்தக் கணக்கில் வைப்பேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். ஓனர் ஆபரேஷன் கதையைக் கேட்டு இரங்கினாரா என்றால், இல்லை. வாரம் தவறாமல் போன் செய்து கேட்டு வாங்கினார். அவர் செய்தது சரி.

கஸ்டமர் நம் சபைக்காரர். இன்னும் சிக்கலாக இருக்கிறதே?

ஆமாம், ஏனென்றால் முதல் நாளே எல்லாவற்றையும் மொழுகிவிடுகிறோம். “பிரதர், நமக்குள்ள என்ன அக்ரிமென்ட்?” என்று ஆரம்பிக்கும். அவர் சகோதரர் என்று சலுகை எதிர்பார்ப்பார். நாம் சகோதரர் என்று தாமதத்தைப் பொறுப்பார் என எதிர்பார்ப்போம். இருவரும் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டோம். ஆறு மாதம் கழித்து திருவிருந்துக்கு இருவரும் வேறு வேறு வரிசையில் நிற்போம்.

மனக்கசப்பு வந்த பிறகு வழி மத்தேயு 18இல் இருக்கிறது: நீயும் அவனும் தனித்திருக்கையில் அவனிடம் போய்ச் சொல். நடைமுறையில் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் பாஸ்டரிடம், அப்புறம் மாதர் சங்கத்தில், ஜெபக்குறிப்பு என்ற பெயரில் முழுச் சபைக்கும், கடைசியாகத்தான் ஆளிடம். இன்னொன்று: அந்த வசனத்தில் குற்றம் செய்தவன் நாமாகவும் இருக்கலாம். அவர் தனியாக வந்து சொன்னால் உட்காரவைத்துக் கேளுங்கள்.

விலை விஷயத்தில் என் பழக்கம் இது. சபைக்காரருக்கும் அதே ரேட், அதே அக்ரிமென்ட். உதவ நினைத்தால் பில்லின் அடியில் ‘தள்ளுபடி’ என்று தனி வரியாகக் காட்டுவேன். ரேட்டை மறைவாகக் குறைத்தால், கைக்காசு போகப் போக வேலையும் மறைவாகக் குறையும். நானே செய்து பார்த்திருக்கிறேன், அதனால் தெரியும்.

ஓனர் என் ஆட்களைக் கண்டபடி திட்டுகிறார்.

என்னை எவ்வளவு திட்டினாலும் நின்று கேட்பேன். சித்தாளை ‘டீ’ போட்டுப் பேசினால் அந்த இடத்திலேயே நடுவில் போய் நிற்பேன். “சார், வேலையில குறை இருந்தா என்கிட்ட சொல்லுங்க. அவங்க என் ஆளு.” இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். ஒருமுறை இதற்காகவே ஒரு வேலை கைவிட்டுப் போனது. அந்த அம்மா இன்றும் என் சைட்டில்தான் இருக்கிறார்.

கடைசித் தவணையைத் தராமல் இழுக்கிறார். கூலி எப்படிக் கொடுப்பது?

அவர் தராதது நம் கவலை, கூலியாளின் கவலை அல்ல. கூலியை அன்றைக்கே, பொழுதுபோகுமுன்னே கொடுத்துவிடச் சொல்கிறது உபாகமம் 24. நம் ஊரில் சனிக்கிழமை சாயங்காலம். ‘பார்ட்டி பணம் தரலப்பா’ என்று கையை விரிக்கிறவர், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைக் கவர் போடுவதில் அர்த்தமில்லை.

ஓனரிடம் மீதியைக் கேட்பதற்கு முன், அவர் சொல்கிற குறைகளின் பட்டியலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அநேகமாகப் பத்துக்குள் அடங்கும். ஏழு நிஜமாக இருக்கும். முடித்து, ஒவ்வொன்றாக அவரையே டிக் போடச் சொல்லிவிட்டுப் பணம் கேளுங்கள். பட்டியலே தராமல் “திருப்தி இல்ல” என்று மட்டும் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் மீதி வருவது அபூர்வம்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்கிறார்.

போகட்டும். அது அவர் உரிமை, நம்மீது விழுந்த சாபம் இல்லை. 2019ஆம் வருடத்துச் சட்டப்படி, குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 1915 என்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். அடுக்குமாடி கட்டி விற்கிற புரமோட்டராக இருந்தால், ரியல் எஸ்டேட் சட்டப்படி ஒப்படைத்த 5 வருடத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையை, சொன்ன 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.

இதையெல்லாம் நானே கஸ்டமரிடம் சொல்லிவிடுவேன் என்றால் கூட்டத்தில் சிரிப்பார்கள். சொன்ன பிறகு யாரும் இதுவரை போகவில்லை. ஆணையமே சமரசத்துக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி உண்டு, அப்படி அனுப்பினால் பிகு பண்ணாமல் போங்கள். சகோதரனோடே சகோதரன் வழக்காடுவதைப் பவுல் கண்டித்ததை எடுத்துக்காட்டி, ஏமாந்த விசுவாசியை வாயடைக்கச் செய்கிறவர்களும் நம்மில் உண்டு. அதே இடத்தில் ‘நீங்களே அநியாயஞ்செய்கிறீர்கள்’ என்றும் எழுதியிருக்கிறார். அதையும் சேர்த்து வாசிக்கலாம்.

விசிட்டிங் கார்டில் வசனம் போடலாமா?

என் கார்டில் இருந்தது. டீச்சரம்மா அந்த வார்த்தையைச் சொன்ன மாதமே எடுத்துவிட்டேன். குழாய் வாயைச் சரியாகப் பூசுகிற காலம் வந்தால் திரும்பப் போடலாம்.

கஸ்டமர் வேறு மதம். விசுவாசத்தைப் பற்றிப் பேசலாமா?

ஒழுகுகிற கூரைக்கு அடியில் நின்றுகொண்டு பேசாதீர்கள். ‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்பதும் அந்த நேரத்தில் பதிலைத் தட்டிக்கழிப்பதுபோல்தான் காதில் விழும். வீட்டுக்குப் போய் ஜெபியுங்கள்.

எனக்கு வழக்கமாக டைல்ஸ் தருகிற பாய் ஒருவர் இருக்கிறார். ஒருமுறை அவர் அனுப்பிய பெட்டிகளில், மேல் அடுக்கு நல்ல சரக்கு, அடியில் ஓரம் உடைந்தது. லோடுமேன் செய்த வேலை. நான் சத்தம் போடுவதற்கு முன்னால் அவரே வண்டியோடு வந்துவிட்டார். நபிகள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமாக இருப்பதைக் கண்ட கதையை அப்போதுதான் சொன்னார். மழையில் நனைந்துவிட்டது என்றானாம் வியாபாரி. ‘நனைந்ததை எல்லோரும் பார்க்க மேலே வைத்திருக்கக் கூடாதா? ஏமாற்றுகிறவன் என்னைச் சேர்ந்தவனல்லன்’ என்றாராம் நபி. அன்றிலிருந்து பழைய வீட்டு ரிப்பேருக்கு மதிப்பீடு கொடுக்கும்போது, கேடாக இருப்பதை முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். பாய்க்கு இது தெரியாது.

எப்போது கஸ்டமரை அதிருப்தியாகவே விட்டுவிடலாம்?

அவர் கேட்பது யாரையாவது காயப்படுத்தும் என்றால். புது வீட்டைக் கட்டினால் மெத்தைக்கு, அதாவது மொட்டைமாடிக்கு, கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வரும் என்கிறது உபாகமம் 22. எனக்குத் தெரிந்து வேதத்திலேயே நேராக ஒப்பந்தக்காரருக்கு எழுதின வசனம் இது ஒன்றுதான். அந்தச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர், முன்பக்கம் பார்க்க எடுப்பாக இருக்க வேண்டும் என்று மாடியில் ஒன்றரை அடித் திண்ணைச் சுவர் போதும் என்றார். கம்பிக் கைப்பிடியாவது வைக்கலாம் என்றேன். அதற்கும் சம்மதிக்கவில்லை. “நீங்க ரொம்பப் பழைய ஆளா இருக்கீங்க” என்று சொல்லி, அதுவரை செய்த வேலைக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். பைசா பாக்கி வைக்கவில்லை. இப்போதும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். வேறு ஆளை வைத்து அவர் விருப்பப்படியே கட்டிக்கொண்டார்.

அந்தத் தெரு வழியாகப் போனால் வண்டியை மெதுவாக்கி அண்ணாந்து பார்ப்பேன். துணி காய்ந்துகொண்டிருக்கும். போன மாதம் கொடிக்குப் பக்கத்தில் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று நின்றது.